கண்ணுக்குக் கீழே ஒரு யோகம்

இடது கண்ணுக்குக் கீழே, இமையோரத்தில் இருந்த மச்சத்துக்காகத்தான் இவர் வீட்டில் என்னைக் கட்டிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் என் முகவாயைத் தூக்கிப் பார்த்து, "இந்த மச்சம் புருஷனைக் கடல் தாண்ட வைக்கும்" என்று சொல்லிவிட்டார். கல்யாணமான கையோடு இவருக்கு ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில், ஆராய்ச்சி வேலை கிடைத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பேரைக் காக்கை தட்டிக்கொண்டு போய்விட்டது.

அங்கே குடிபோன சில வருஷங்களில், எழுபதுகளின் தொடக்கத்தில், மச்சம் பருக்க ஆரம்பித்தது. ஓரமெல்லாம் மெழுகு பூசினாற்போல மினுங்கியது. மச்சம் வளர்ந்தால் யோகமும் வளரும் என்று ஊரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். நானும் நம்பினேன். தினமும் குளித்ததும் அதன்மேல் ஒரு பொட்டு மை தொட்டு வைப்பேன். இவர் லேபுக்குக் கிளம்புமுன் அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். பெரிய விஞ்ஞானி! தலையணையில் ரத்தம் பட்டபோதுகூட, துண்டு உரசியிருக்கும் என்றுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

கீழ்வீட்டு ஜெர்மன்காரம்மாதான் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பஞ்சால் மையைத் துடைத்தார். மைக்கு அடியில், நடுவில் குழிந்த ஒரு புண் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே துளி சதையை எடுத்துச் சோதித்து, தோல் புற்றுநோய் என்றார்கள்.

சர்ஜன் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். முதலில் புண்ணையும் அதைச் சுற்றிய தோலையும் வெட்டியெடுப்பார்கள். வெட்டிய துண்டின் ஓரம் சுத்தமாக இருக்கிறது என்று சோதனையில் தெரியும்வரை காயத்தைத் தைக்காமல் கட்டுப் போட்டு வைப்பார்கள். பிறகு கன்னத்துத் தோலை இழுத்து மூடுவார்கள். உள்ளே பரவியிருந்தால் கண்ணையே எடுக்க வேண்டிவரும்.

அந்த மாதம்தான் இவருடைய காண்ட்ராக்ட் முடிகிறது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெர்மனில் கேட்டார், கறுப்பில் ஒரு துளியாவது விட்டுவைக்க முடியுமா என்று. எனக்கு ஜெர்மன் தெரியாதென்பது இவர் நினைப்பு. ரொட்டிக்கடையில் நின்று நின்று நான் அதற்குள் எவ்வளவோ கற்றிருந்தேன். சர்ஜன் பாவம், தான் சொன்னது இவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து, முதலிலிருந்து நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வெட்டினார்கள். வலி தெரியவில்லை, கத்தரியின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது எனக்கென்றே சொன்னது மாதிரி இருந்தது. ஒற்றைக் கண்ணோடு சென்னையில் விமானம் விட்டு இறங்குவதை நினைத்து நினைத்துப் பயந்தேன். அழுதால் கட்டு நனையும் என்று நர்ஸ் அதட்டியதால் அழவும் முடியவில்லை.

சோதனை முடிவு வரவேண்டிய அன்று, இவர் வார்டுக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது. எழுந்து உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீட்டிட்டாங்க! காண்ட்ராக்டை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டாங்க. மச்சம் போயும் ஒண்ணும் ஆகலை பாரு!"

"என் கண்ணு?" என்றேன்.

இவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"டாக்டரை... இன்னும் பார்க்கலைம்மா."

சாயங்காலம் நர்ஸ்தான் வந்து சொன்னாள், ஓரம் சுத்தம், கண் தப்பியது என்று. தையல் இழுத்து, கீழிமை கொஞ்சம் தொங்கிப்போனது. இன்றும் அந்தக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். ஏன் அழுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "அது ஆபரேஷன் பண்ணின கண்ணு" என்று இவர் முந்திக்கொண்டு சொல்வார். பாதி நாள் அது சரிதான்.