நெவேனாவின் தாளில் கோடும் வட்டமும்

நெவேனா கையில் வைத்திருக்கும் தாளில் எழுத்தே இருக்காது. கதை நேரத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளையைப் பார்ப்பாள். பிள்ளை கவனம் கதையில் இருந்தால் ஒரு கோடு, இல்லாவிட்டால் ஒரு வட்டம். எனக்கு எழுதப் படிக்க வராது, ஆனாலும் அந்தத் தாளை என்னாலும் வாசிக்க முடிந்தது. மிரோனுடைய தாள் முழுக்க வட்டம்.

காது கேளாதது, பேச்சு வராதது, நடக்க முடியாதது என்று எல்லாப் பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே கம்பளத்தில் உட்காரும் பாலர் வகுப்புகள் எங்கள் ஊர் கார்ஜலியில் மூன்று. அந்தப் பிள்ளைகளைக் கவனித்துக் குறிக்க மூன்றுக்கும் அவள் ஒருத்திதான். இருபத்தாறு வருடமாகப் பேருந்தில் வந்து போகிறாள். கல்யாணம் என்று யாராவது கேட்டால் அந்தப் பேருந்து போய்விட்டது என்பாள். காபியை வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். "உங்க காபியக் குடிச்சா லஞ்சம்னு ஆயிடும், நைலே அக்கா." நான் அங்கே கூட்டித் துடைக்கிறவள். நான் எதற்கு லஞ்சம் கொடுக்கப் போகிறேன்?

மிரோனுக்கு நாலு வயது. பேச மாட்டான். கதை தொடங்கியதும் கம்பளத்தை விட்டு எழுந்து, பிள்ளைகள் வீட்டுச் செருப்பைக் கழற்றி வைக்கும் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவான். எந்தப் பிள்ளை எங்கே படிப்பது என்று முடிவு செய்யும் குழுவுக்கு வெள்ளிக்கிழமை தாள் போக வேண்டும். வட்டமாகவே போனால் பிள்ளை தூரத்தில் பிளவ்திவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே உள்ள தனிப் பள்ளிக்குத்தான். வாரம் முழுக்க அங்கேயே படுக்கை. அவன் அம்மா செவ்தா, காலுறை ஆலையில் வேலை பார்ப்பவள், அந்த வாரம் என்னிடம் ஒன்றும் பேசாமலே பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"நாலு கோடு போட்டா உன் பென்சில் தேஞ்சா போயிடும்?"

"பொய்க் கோடு போட்டா, நாளைக்கு நெசக் கோட்ட எவன் நம்புவான் அக்கா?"

"பெரிய நீதிபதி! உனக்குப் புள்ளய விடத் தாள் பெருசு."

அவள் காபியை உறிஞ்சினாள். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

"உன் நாற்காலியிலேருந்து அவன் முதுகுதான் தெரியும். செருப்பக் கலைச்சுப் போடுறான்னு தெனம் நான்தான் திட்டிட்டு அடுக்குறேன். சரியா ஆறு செருப்பு, மூக்கு சுவரப் பாத்து. கத இல்லாத நாள்ல ஒண்ணக்கூடத் தொடுறதில்ல."

"ஆறா?" கோப்பையைக் கீழே வைத்தாள்.

வியாழக்கிழமை முக்காலியைத் தூக்கிக்கொண்டு செருப்பு மூலைக்கே போய் உட்கார்ந்தாள். ரலித்சா டீச்சர் கொஞ்ச நாளாகவே பிள்ளைகள் விடாமல் கேட்கும் அதே கதையை எடுத்தாள். சந்தைக்குப் போகிற வண்டியில் ஆறு பிராணிகள் ஒவ்வொன்றாக ஏறும். வாத்து ஏறியது, மிரோன் ஒரு செருப்பை வைத்தான். ஆடு ஏறியது, இன்னொன்று. நாலு ஆயிற்று. அடுத்தது முள்ளெலி. ஆனால் யாரோ ஒரு பிள்ளை ரொட்டியில் தடவிய குடைமிளகாய்த் தொக்கு ஒட்டிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் சேர்ந்தே புரண்டது. டீச்சர் கவனிக்காமல் கரடிக்குப் போய்விட்டாள். கம்பளத்துப் பிள்ளைகள் கரடியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மிரோன் ஐந்தாவது செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, பிள்ளைகளைத் தாண்டிப் போய், புத்தகத்தின் மேல் அதை வைத்தான்.

"ஐயோ ராசா, செருப்பப் போயி..." என்றாள் டீச்சர்.

"ரலித்சா," நெவேனா எழுந்தேவிட்டாள், "முள்ளெலி எங்க?"

ஒட்டிய பக்கத்தை டீச்சர் நகத்தால் பிரித்து முள்ளெலியை வாசித்த பிறகுதான் மிரோன் செருப்பை எடுத்துக்கொண்டு தன் மூலைக்குப் போனான்.

நெவேனா பழைய வட்டங்களில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினாள்.

"என்னடி எழுதுன?"

"இத்தன நாளாத் தப்பான எடத்துல உக்காந்து பாத்தது நான்தான்னு."

"உன் வேலைக்கே வேட்டு வெக்கிறியே!"

"இதுவும் நெசந்தானே அக்கா."

குழு கோடைவரை மிரோனை இங்கேயே வைத்துப் பார்ப்பது என்றது. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை செவ்தா அவனை விடும்போது எனக்குக் காலை வணக்கம் சொன்னாள். அன்று நெவேனாவிடம் காபியை நீட்டினேன்; குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள், அழுத்தக்காரி. கதை முடிந்ததும் துடைக்கப் போனேன். ஆறு செருப்பும் சுவரைப் பார்த்து நின்றன. அவற்றைத் தொடாமல் சுற்றித் துடைத்தேன்.