நான்கு விரல் இறக்கம்

1943ஆம் ஆண்டு என் நாட்குறிப்பில் ‘நெட்டை விமானி, இருக்கை நான்கு விரல் இறக்கம்’ என்று ஒரு வரி இருக்கிறது. நான் அப்போது மட்டக்களப்பு விமானத்தளத்தில் மொழிபெயர்ப்பாளன்.

அந்த வெள்ளைக்கார விமானியின் தலை சிறிய விமானத்தின் கூரையில் முட்டியது. குலுங்கினால் கழுத்து முறியும் என்ற பயத்தில் எந்நேரமும் பிடரியைத் தடவிக்கொண்டிருப்பார். தோணி கட்டும் ஓடாவியார் ஒருவர் அவரை உட்காரவைத்து அளந்து, இருக்கையை இறக்கிக் கொடுத்தார். புறப்படும்போது விமானி பாரசூட் மூட்டையைப் போட்டு அதன்மேல் அமர்ந்தார். தலை மறுபடியும் முட்டியது.

“மூட்டைக்கு மேலயா இரிக்கிற? தோணியில ஒருத்தரும் அப்படி இரிக்கிறல்லயே தம்பி,” என்றார் ஓடாவியார்.

“இன்னும் இறக்கேலாதா?” என்று கேட்டேன்.

“கீழ விமானத்தத் திருப்புற கம்பி ஓடுது. ஏலாது.”

நான் மொழிபெயர்த்ததும் விமானி மூட்டையை உருவி என்னிடம் நீட்டினார். பாரசூட் இல்லாமலே இருக்கையில் அமர்ந்தார். விமானம் வாவியைத் தாண்டி திருகோணமலைக்குப் பறந்தது. அங்கே இறங்கியதா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.