பலூனுக்குப் பயந்த அக்கா

எச்சில் தொட்ட விரலை ஊதிய பலூனின் மேல் தேய்த்தால் "கிறீச்" என்று ஓர் ஓசை வரும். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலைக் கடந்துபோகும் பலூன்காரர்கள் பிள்ளைகளை இழுக்க அப்படித்தான் தேய்ப்பார்கள். அந்த ஓசை கேட்டதும் நான் வெளியே ஓடுவேன். என்னைவிட ஐந்து வயது மூத்த வசந்தி அக்கா உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பயம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் குரங்கு. கையிலிருந்த வாழைப்பழத்தை ஒருமுறை அது பிடுங்கிக்கொண்டு பல்லைக் காட்டிய நாளிலிருந்து, ஒரு குச்சியோடுதான் கடைக்குப் போய்வந்தேன். குரங்கு மரமேறிவிட்டால் என் பயமும் போய்விடும். அம்மாவுக்கு இடி. மழை விட்டதும், "கொஞ்சம் ஜாஸ்தியா கத்திட்டேன்" என்று தானே சிரிப்பாள். அக்காவின் பயம் அப்படி விடவில்லை. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பே அவளுக்குச் சோறு இறங்காது. வாசலில் பலூன் கட்டியிருப்பார்களோ என்று எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டாள். "அது ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்கே தெரியுது, ஆனா நெஞ்சு அடைக்குது" என்று அழுவாள். அம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். தெருவில் "நாடகம் போடுது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுடைய பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை பங்குனிப் பௌர்ணமியன்று வந்தது. அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நாள் முழுக்கத் தீப்பொறிக்கு நடுவே நிற்கும் அவருக்கு, ரப்பருக்குப் பயப்படும் மகள் ஒரு தலைக்குனிவு. சைக்கிளின் பின்னால் அக்காவையும் முன்கம்பியில் என்னையும் உட்காரவைத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். "கண்ண மூடிக்கினு வரேன்பா, எங்கயும் நிக்காம போயிடு" என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். வழியில் ஒரு பலூன்காரரைக் கண்டதும் அப்பா வேண்டுமென்றே நிறுத்தினார். சிவப்புப் பலூன் ஒன்றை வாங்கி அவள் கையில் திணித்தார்.

"புடி. கடிச்சிடுமா இது? பயத்த பயத்தாலதான் முறிக்கணும்."

அக்கா கத்தவில்லை. முகம் வெளுத்து வியர்த்தது. நான் சிரித்தேன். அடுத்த நொடி குதித்திறங்கி, இருபுறமும் பாராமல் சாலையின் குறுக்கே ஓடினாள். ஓர் ஆட்டோ அவள்மேல் ஏறாமல் ஒடித்துத் திரும்பியது. அவள் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் விழுந்து கணுக்கால் முறிந்தது. பரீட்சை எழுதவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியிலேயே, நடந்ததைக் கேட்டுவிட்டு மனநல மருத்துவரான ஓர் அம்மாளிடம் அனுப்பினார்கள்.

"பொண்ணுக்குப் பைத்தியமாங்க?" என்று கேட்டார் அப்பா.

"இல்லீங்க. உங்களுக்கு எதுக்கு பயம்?"

"கரண்டுக்குத்தான்."

"கையுறை போட்டுக்கினு வேலைய செஞ்சிடுறீங்க இல்ல? இவளால பரீட்சைக்கே போக முடியல. வீம்பு இல்லீங்க இது, வியாதி. மெதுவா சரி பண்ணலாம். கட்டாயம் மட்டும் பண்ணாதீங்க."

முதல் வாரம் ஊதாத பலூன் ஒன்றை அறையின் மறுகோடியில் வைத்து, படபடப்பு தானாகத் தணியும்வரை பார்த்திருக்கச் சொன்னார். பிறகு அருகில், பிறகு கையில். பாதி ஊதியதைத் தொடவே மூன்று மாதம் ஆயிற்று. வாரந்தோறும் பட்டறையை மூடிவிட்டு அப்பாதான் அழைத்துப்போனார். ஒருநாள் எங்களை நிறுத்திவிட்டு முன்னால் ஓடி, "கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க, என் பொண்ணு வர்றா" என்று ஒரு பலூன்காரரிடம் கெஞ்சினார். ஒளிய இடம் கொடுத்தால் பயம் வளரும் என்று மருத்துவர் அதையும் தடுத்துவிட்டார். அப்பா அக்காவிடம் மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. அக்கா துணைத்தேர்வு எழுதித் தேறினாள்.

இப்போது அப்பா இல்லை. பலூன்காரர்கள் கண்ணில் படாமலிருக்க அக்கா பள்ளிக்குச் சுற்றிப்போன, வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையும் இல்லை. அங்கே வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். வேலூரில் குடியிருக்கும் அவள் சென்ற பௌர்ணமிக்கு வந்து என்னோடு மலை சுற்றினாள். எதிரே ஒரு கொத்துப் பலூன் வந்தபோது என் கையைப் பிடித்தாள், உள்ளங்கை ஈரமாயிருந்தது.

"இன்னும் போகலயாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? நெஞ்சு அடிச்சிக்கினுதான் இருக்கு. இரு, நின்னு பாத்துட்டே போலாம்" என்றாள்.

பலூன்காரர் எங்களைக் கடந்து போகும்வரை அங்கேயே நின்றோம்.