வைஃபை எட்டுகிற வரைக்கும்தான் உலகம்

இந்த ஊரில் ஒருவரோடு இருக்கும்போது மணிக்கட்டைப் பார்க்கக் கூடாது. வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். வேலைக்குள் நுழையும்போதே கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் சிம் உள்ளேயே பொதிந்திருக்கும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கைப்பேசி பக்கத்தில் இல்லாவிட்டாலும் அது தானே டவர் பிடிக்கும், அழைப்பு எடுக்கும். ஒருநாள் மோரின் என்ற மூதாட்டிக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கடிகாரம் அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். "உனக்கு எங்காவது போக வேண்டியிருக்கிறதா?" என்று மோரின் கேட்டாள். உண்மையாகவே விசாரிக்கிறாள் என்று நினைத்து, "ஆமாம், ஜூன் மாதம் ஊருக்குப் போகிறேன்" என்று முகம் மலரச் சொன்னேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று கஞ்சி அவள் தொண்டையில் இறங்கவே இல்லை. மணிக்கட்டைப் பார்த்தால் 'உன்னோடு இருந்து சலித்துவிட்டது' என்று இங்கே பொருளாம். கூட வேலை பார்ப்பவள் பிறகு சொன்னாள். எங்கள் போடிநாயக்கனூரில் பேச்சு நடுவே மணி பார்த்தால் "பஸ்சுக்கு நேரமாச்சா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, காப்பி குடிக்காமல் விடவும் மாட்டார்கள்.

அந்தக் கடிகாரத்தை எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத பொருள்மேல் இவ்வளவு கோபம் வராது. கைப்பேசியைப் பூட்டிய பிறகும் ஊர் என் கையில் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஊரை எட்ட எனக்கு வேறொரு வழி இருந்தது. போடிக்குப் பக்கத்து மலையில், குரங்கணிக்கு மேலே அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. அந்தச் சரிவு முழுக்க ஒரே ஒரு பலா மரத்தடியில்தான் டவர் கிடைக்கும். காலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் வேலைக்கு வந்த எல்லோரும் தங்கள் போனைத் துணிப்பையில் போட்டு அந்த மரத்தின் கிளையில் மாட்டிவிட்டுச் சரிவில் இறங்கிவிடுவார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். உள்ளே போய்விட்டால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மரத்தில் போன் அடித்தால் பக்கத்தில் நிற்பவர் எடுப்பார். யாருக்கு வந்ததோ அவர் பெயரைக் கூவுவார். அதைக் கேட்டவர் அடுத்தவருக்குக் கூவுவார். இங்கே நான் காலை வேலைக்குக் கிளம்பும் நேரம், அங்கே மதியம். தினமும் அப்போது அழைப்பேன். பேச்சியக்கா எடுப்பாள். அப்பாவிடம் ரொம்ப வருஷமாக வேலை பார்ப்பவள். "ஐயாவோவ்! மக போனு!" என்று அவள் விடும் கூவல் என் காதைப் பிளக்கும். கீழே எங்கிருந்தோ, "வர்றேன் வர்றேன், வச்சுரச் சொல்லாத!" என்று அப்பாவின் குரல் வரும். சில நாள் அதற்குமேல் பேச நேரம் இருக்காது. குரல் கேட்டாயிற்று என்று பேருந்து ஏறிவிடுவேன்.

போன வருஷம் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர், மேட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள் என்றார். அப்பா டாக்டருக்குத் தலையாட்டிவிட்டு மறுநாளே ஜீப்பில் ஏறிவிட்டார். மூன்று மாதமாவது என்னோடு வந்து இருக்கட்டும் என்று விசாவுக்கு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம்! ஏலத்துக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை என்று என் கல்யாணத்தன்றே பந்தியோடு பந்தியாகச் சாப்பிட்டுவிட்டு மலைக்கு ஓடிய மனிதர் அவர். மதுரையில் இரண்டு நாள் தங்க வைக்க முடியாதவரை, அயர்லாந்தில் ஒளிந்துகொள்வார் என்று எவனோ ஒருவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முடிவு கட்டினான். ஆள் வர முடியாவிட்டால் போகட்டும், என் கண்ணாவது அவரோடு இருக்கட்டும் என்று அவருக்கும் அதே போல ஒரு கடிகாரம் வாங்கினேன். கட்டியிருப்பவர் விழுந்தால் அது தானாகத் தெரிந்துகொள்ளும். உதவிக்கு அழைக்கும். எனக்கும் செய்தி அனுப்பும். என்னுடைய இணைப்பிலேயே அவருடையதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் வேலை செய்யுமா என்று கடைப் பையனிடம் கேட்டேன். "இட்ல் பி கிராண்ட்" என்றான், எல்லாம் ஜோராக நடக்கும் என்று. நான் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் மழை வருமா என்று கேட்டாலும், பேருந்து வருமா என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. பெட்டியின் மேலே உலக உருண்டைப் படம் வேறு போட்டிருந்தது.

ஜூன் மாதம் ஊருக்கு வந்தேன். சென்னையில் இறங்கியதுமே என் கைப்பேசி உள்ளூர் டவரைப் பிடித்துக்கொண்டது. என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் மட்டும், டவர் காட்டும் இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. போடி வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறி மறைந்தது. டவர் பிடிக்க நேரம் எடுத்திருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூடத்தில் வைத்து அப்பாவின் கையில் புதுக் கடிகாரத்தைக் கட்டினேன். அடுப்படியில் நின்று நான் அழைத்தேன். அது மணியடித்தது. அப்பா கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய், "அலோ, யாரு பேசுறது?" என்று வீடே அதிரக் கேட்டார். "அடுப்படியில நிக்கிறவகிட்ட எதுக்கு இந்தக் கத்து?" என்றாள் அம்மா. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் நடந்து வந்தார். அது பேசியதெல்லாம் வீட்டு வைஃபை புண்ணியத்தில். அம்மா முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று நானே மாதாமாதம் பணம் கட்டும் வைஃபை. வாசல்படி தாண்டினால் அந்தக் கடிகாரம் ஊமை என்பது அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் தெரியாது.

மூன்றாவது நாள் அப்பா அதைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். நான் வீட்டில் இருந்தேன். மதியம் மரத்துக்குப் போன் போடத்தான் கை போனது. அதற்குமுன் என் கைப்பேசியில் கடிகாரத்துக்கான செயலியைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் படம், பக்கத்தில் பச்சைப் புள்ளி. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கிடைத்த கடைசித் தகவல் அது. அந்த நேரத்தைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? அபாயச் செய்தி இல்லை, அதனால் அபாயமும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். போன் போடவில்லை. எதற்கு அவரை மேடேற வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதே அவர் விழுந்து கிடந்தார். தலைசுற்றி, ஈரப்பாறையில் கால் வழுக்கி, கீழே ஓடைக்கரையில் விழுந்திருக்கிறார். கடிகாரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. விழுந்ததை உணர்ந்தது. அவரைக் கேட்டது. திரையைத் தொட்டு அவர் பதில் சொல்லாமல் போகவே அபாய ஒலி எழுப்பியது. உதவிக்கு அழைக்கப் பார்த்தது. அழைக்க வழியில்லை. ஓடைக்கரையில் டவர் இல்லை. பலா மரத்தடியில் இருக்கும் டவரின் அலைவரிசையோ அதற்குப் பிடிபடாது. எனக்கான செய்தியை உள்ளேயே வைத்துக்கொண்டு அலறிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் லோடு ஜீப்பு வந்து ஆட்களை எண்ணும்போதுதான் அப்பா குறைவது தெரிந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடித்து, போர்வையில் தூளி கட்டி ஜீப்பு வரை சுமந்து வந்தார்கள். தேனி ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள்.

பேச்சியக்கா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். "பீப் பீப்னு சத்தம் கேக்கத்தான் செஞ்சுச்சு ஆத்தா. மேல ரோட்டுல ஜீப்பு ரிவர்சு எடுக்குதுன்னு நெனச்சு எங்க சோலியப் பாத்துக்கிட்டு இருந்துட்டோம்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "தெனமும் நீ போன் போடுவ. நான் கூவுவேன். ஐயா எந்த மூலையில இருந்தாலும் கொரல் குடுத்துருவாரு. கொரல் வரலைன்னா அந்த நிமிசமே தேடியிருப்போம். அன்னைக்குப் போனே வரலையே ஆத்தா. மகதான் ஊருக்கு வந்துருச்சே, இனி எதுக்குப் போன் போடும்னு விட்டுட்டோம்."

அந்த வார்த்தையை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. கடல் தாண்டி இருந்தபோது ஒருநாள் தவறாமல் அவரைக் குரல் கொடுக்க வைத்தவள், கூப்பிடு தூரத்தில் இருந்தபோது பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு கதை சொன்னார். "என்னமோ இங்கிலீசுல கேட்டுச்சு ஆத்தா. விழுந்துட்டியான்னுதான் கேக்குது போலன்னு, ஆமா ஆமான்னு சொன்னேன். எனக்குத்தான் கத்தத் தெம்பு இல்ல, அது கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு. பாவம், அதுக்கும் தொண்டத்தண்ணி வத்தியிருக்கும்."

நான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே கடிகாரக் கம்பெனியின் உதவி அரட்டையைத் திறந்தேன். நடந்ததை எழுதினேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். உங்கள் தந்தை இப்போது ஆதரவுள்ள பிராந்தியத்தில் இருக்கிறாரா?" என்று பதில் வந்தது. எலும்பு முறிவுப் பிரிவில் இருக்கிறார் என்று எழுதினேன். "அந்தப் பிராந்தியம் பட்டியலில் இல்லை" என்று வந்தது. இயந்திரமா மனிதனா என்று இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவானாலும் என் வாயில் வந்ததை இங்கே அச்சில் போட முடியாது. பிறகு துருவித் துருவிப் படித்தபோதுதான் தெரிந்தது. வெளியே பார்க்க ஒரே கடிகாரம். உள்ளே நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டில் விற்கும் மாடல் இன்னொரு நாட்டின் அலைவரிசைகளைப் பிடிக்காமல் போகலாம். பிடித்தாலும், கைப்பேசிக்கு இருக்கும் ரோமிங் கடிகாரத்துக்கும் இருக்கும் என்பதற்கு நிச்சயமில்லை. இதெல்லாம் எங்கே எழுதியிருந்தது? பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில், ஒரு நட்சத்திரக் குறிக்குக் கீழே. உலக உருண்டையை மேலே பெரிதாகப் போட்டுவிட்டு, அதில் எங்கள் மலை கிடையாது என்பதை எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என்னைப்போல அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொண்டுபோகும் ஆட்களுக்குச் சொல்கிறேன். வைஃபையை அணையுங்கள். கைப்பேசியை வீட்டிலேயே போட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கட்டிக்கொண்டு அவர்கள் தினமும் நடமாடும் இடத்துக்கே போய் ஒரு அழைப்புப் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் பெருமைப்படுங்கள்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "மக இருக்க வேண்டிய எடத்துல வாச்சக் கட்டிவிட்டா இப்படித்தான் ஆகும்." அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உண்மையைச் சொன்னவர்மேல் வரும் கோபம் சீக்கிரம் ஆறுவதும் இல்லை.

இனி மேட்டில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. விடுப்பை நீட்டிக் கேட்டேன். முதியோர் இல்லத்தில் ஒரு மாதம் கொடுத்தார்கள். அதற்குமேல் கேட்டால் வேலை இருக்காது. கிளம்பும் நாள், கட்டிலில் கிடந்த அப்பா ஆஸ்பத்திரிப் பையைக் காட்டினார். உயிரில்லாமல் அதற்குள் கிடந்தது கடிகாரம். "அத நீயே கொண்டு போயிரு ஆத்தா. அது பொறந்த ஊர்ல கெடக்கட்டும். இங்க இருந்தா பாக்கப் பாக்கக் கோவம்தான் வருது." கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தப் பையனிடம் நான்கு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்து எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டுமாம். விமானம் மாற தோஹாவில் காத்திருந்தபோது சார்ஜ் ஏற்றினேன். உயிர் வந்ததும் அங்கேயும் சிவப்புக் குறிதான் காட்டியது. கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

டப்ளினில் இறங்கி, ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான வரிசையில் நின்றேன். கைப்பைக்குள் ஏதோ துடித்தது. அதே நேரம் என் கைப்பேசி அலறியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பலமாக விழுந்துவிட்டதாகத் தெரிகிறது, உடனே கவனியுங்கள் என்று திரையில் செய்தி. கடிகாரம் தன் நாட்டு டவரைப் பார்த்ததும், ஓடைக்கரையில் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதை அங்கேயே தரையில் அடித்து நொறுக்கத்தான் கை துடித்தது.

செய்தியின் கீழே வரைபடம் ஒன்று இருந்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று காட்டும் படம். விரலால் தொட்டேன். டப்ளின் விமான நிலையம் விரிந்தது. நடுவில் என் நீலப் புள்ளி. அதன்மேலேயே ஒட்டிக்கொண்டு சின்ன வட்டத்துக்குள் அப்பாவின் முகம். போடிக் கூடத்தில் நான் எடுத்த படம், சட்டைக் கையை மடித்துவிட்டு, பல் தெரியச் சிரிக்கிறார்.

என் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "தனியாகவா வந்திருக்கிறீர்கள்?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

முத்திரை குத்தி அனுப்பினார். கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே நடந்தேன். வரைபடத்தில் அப்பாவும் என்னோடு அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.