பட்டாள ஆபீஸில் கேட்ட திதி

பட்டாள ரிக்கார்டு ஆபீஸ் குமாஸ்தான்னா வேற ஒண்ணுமில்லை, நாற்காலியில உட்கார்ந்து எழவு சொல்ற உத்தியோகம். கவுன்ட்டருக்குப் பின்னாடி திட்டும் அழுகையும் வாங்கிக் கட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்றது புரியும். சண்டை முடிஞ்ச வருஷம் திருச்சியில எங்க ஆபீஸ் வாசல்ல கூட்டம் தாங்கலை.

சாப்பாடு

ஸ்ரீரங்கத்திலேர்ந்து ஒரு ஐயங்கார் வந்தார். கோயில்ல பிரபந்தம் சேவிக்கிறவர். மகன் சேஷாத்ரி பம்பாயில கணக்கு எழுதுறான்னு நம்பிக்கிட்டிருந்தவர். கடுதாசி நின்னுபோச்சு. ஜங்ஷன்ல அவனைக் காக்கிச் சட்டையோட பார்த்ததா யாரோ சொல்லியிருக்காங்க. "எங்காத்துப் பிள்ளையாவது, பட்டாளமாவது!"ன்னு கோபமாத்தான் வந்தார்.

ரிக்கார்டுல பேரைத் தேடினேன். இருந்தான். பர்மா எல்லையில அடிபட்டவங்களைத் தூக்குற கோஷ்டி. கடைசியில "காணவில்லை"ன்னு போட்டிருந்தது. வாசிச்சுக் காட்டினேன். மனுஷன் மெதுவா கேட்டார்: "அங்கே என்ன சாப்பிட்டான்னு அதுல போட்டிருக்கா?"

மருமகள்

மறுவாரம் சேஷாத்ரி பெண்டாட்டி வைதேகி வந்தா. சின்னப் பொண்ணு. செத்த தேதி தெரிஞ்சா மாமனார் திதி பார்த்துடுவார். தாலியைக் கழட்டி, தலையை மழிச்சு, மூலையில உட்கார வெச்சுடுவாங்க. காணோம்னு மட்டும் இருந்தா பன்னிரண்டு வருஷம் காத்திருக்கணும், அதுவரைக்கும் அவ சுமங்கலி. அதனால காணோம்னே இருக்கட்டும்னு கெஞ்சினா. "மேலேர்ந்து வர்றதைத்தாம்மா நான் சொல்ல முடியும்"னு எரிஞ்சு விழுந்தேன். அவ நகரலை. "அவர் இல்லேன்னு என் மனசுக்குத் தெரியும் சார். இந்தத் தலையை மட்டும் காப்பாத்திக் குடுங்கோ."

யார் கையில்?

தகவல் வந்தே வந்துடுச்சு. அவனைப் புதைச்ச கூட்டாளிங்க சாட்சி சொல்லியிருந்தாங்க, தேதியோட.

ஆனா பாருங்க, பட்டாளத்துல சேரும்போது செத்தா யாருக்குச் சொல்றதுன்னு கேட்பாங்க. நம்ம பையன்க எல்லாம் அப்பா பேரைத்தான் சொல்லுவானுங்க. இவன் பெண்டாட்டி பேரைச் சொல்லியிருந்தான். ரூல்படி அவளை வரவழைச்சு, அந்தத் தகவல் கடுதாசியை அவ கையில மட்டும் குடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதா. முகத்தைக் கழுவி, குங்குமம் வெச்சுக்கிட்டா. "ஆத்துலேர்ந்து கேட்டா தகவல் இல்லேன்னே சொல்லுங்கோ."

காதோடு

ஐயங்கார் மாசம் தவறாம வந்தார். நானும் "இன்னும் இல்லீங்க சாமி"ன்னு அனுப்பிக்கிட்டிருந்தேன். ஆடி அமாவாசைக்கு முன்னாடி ஒருநாள் வந்தவர் கவுன்ட்டர் மேல குனிஞ்சார். "அவ தனியா அழறதைக் கேட்டுண்டுதான் இருக்கேன். பூவும் பொட்டுமா இருந்துட்டுப் போகட்டும். தேதியை மட்டும் என் காதுல சொல்லுங்கோ, காவேரியில எள்ளும் ஜலமும் நான் ஒருத்தனா விட்டுக்கறேன்."

தேதியை அவர் காதுல சொன்னேன். வேலையில சேர்றப்போ ரகசியம் காப்பேன்னு சத்தியம் வாங்கினாங்களே, அது இங்கிலீஷ்காரன் ரகசியம்னுல்ல நினைச்சிருந்தேன்!