அப்பாவின் மூக்கும் ஒரு தேங்காய் பன்னும்

ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே எதிரி அப்பாவின் மூக்கு. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வேலை முடிந்து வந்து, கேட்டைத் திறக்கும்போதே அன்றைய சமையலைச் சொல்லிவிடுவார். சரியாகச் சொன்னால் நான் அவருக்குக் கால் அமுக்க வேண்டும். தவறினால் எனக்குப் பேக்கரியில் தேங்காய் பன். அதற்காக நான் வேண்டாத சாமி இல்லை.

இடையில் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டுக் கொஞ்ச நாள் படுத்திருந்தார். எழுந்து வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. "முருங்கைக்காய்ங்களா அம்மணி?" என்று என்னைக் கேட்பார். அதுவாகவேதான் இருக்கும். கால் அமுக்கும் உத்தியோகம் எனக்கு நிரந்தரமாகிவிட்டது.

ஒருநாள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கொஞ்ச நாளாகச் செய்வதுபோலவே, கேட்டோரக் குப்பை வாளியில் கருவாட்டுத் தலைகளை எல்லாவற்றுக்கும் மேலாகப் பரப்பியிருந்தாள். எதிர்வீட்டுப் பூனை அதையே சுற்றிச் சுற்றி வரவும், நான் வாளியைத் தெருமுனைத் தொட்டியில் கொட்டிக் கழுவி வைத்தேன். என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பா வந்தார். தெரு முழுக்கக் கருவாட்டு வாசம். காலி வாளியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"அவரைக்காய் பொரியலுங்களா?"

"கருவாடு! கருவாடு!" என்று கத்திக்கொண்டு தரையில் உருண்டேன். கரண்டியோடு வாசலுக்கு வந்த அம்மா காலி வாளியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா சிரித்தார்.

"அம்மணி செயிச்சுப்போட்டா. கெளம்பு கண்ணு, பன்னு வாங்கலாம்."

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அம்மாவிடம், "பேரு தெரிஞ்சுபோச்சில்ல, இனி ருசி தானா வந்துரும்" என்றார். ரசித்துத்தான் சாப்பிட்டார்.

விழுந்ததில் வாசனையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு அறுந்துபோனதை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சொன்னார்கள். நாக்குக்கு மிஞ்சியது உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் காரமும்தான். மற்ற ருசியெல்லாம், பேர் தெரிந்துவிட்டால், பழைய ஞாபகத்திலிருந்து மூளையே எடுத்துக் கொடுக்குமாம். கேட்டிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் அப்பா மனசுக்குள்ளேயே பாதிச் சாப்பாட்டை முடித்திருப்பார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் ஜெயித்துவிட்டேன். மறுநாளும் ஜெயிப்பேன் என்று கேட்டருகே காத்திருந்தேன். பைக் சத்தம் தெருவுக்குள் திரும்பியது. அம்மா சுவரோரம் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்து உரக்கக் கூவினாள்.

"ஏனுங்க அக்கா, இன்னைக்கு எங்கூட்டுல பச்சைப்பயறு கடைசலுங்க!"

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டின வீட்டிடம் கத்தி என் பன்னைக் கெடுத்துவிட்டாளே என்று, அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவே இல்லை.