சேலை இறங்கும்வரை

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். ஓட்டலில் இட்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அங்கேயே பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவேன். மானம் போகிறது என்று என் வீட்டுக்காரர் நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வார். அப்படிப்பட்டவள், அவர் உடம்பிலிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் எப்படி இருந்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆரணியில் எங்களுக்கு ஒரே ஒரு பட்டுத் தறி. அவர் நெய்வார், நான் தார் சுற்றுவேன். தார் என்பது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய சின்னக் குச்சி. அது தீர்ந்தால் தறி நின்றுவிடும். அந்த வருஷம் தார் இருக்கும்போதே தறி நிற்க ஆரம்பித்தது. அவர் எழுந்து எழுந்து கொல்லைப்பக்கம் போவார். போனால் லேசில் வரமாட்டார். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தோம். உள்ளூர் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார். அங்கே புரோஸ்டேட் சுரப்பியில் ஏதோ கட்டி போல இருக்கிறது, கேன்சரா இல்லையா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கூடப் போனது கொழுந்தன். ஆம்பிளைங்க சமாச்சாரம், நீ எதுக்கு என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்ததும் எங்கே எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"கீழ" என்றார்.

"கீழன்னா எங்க?"

"கீழன்னா கீழதான். சும்மா பேஜார் பண்ணாத."

தறிக்குழியின் விளிம்பில் பழைய போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நெய்தார். அதைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன். தெருவில் கேட்டவர்களிடம் கிட்னியில் கல் என்று சொல்லி வைத்தேன்.

ரிப்போர்ட்டை வாங்கிவரும் பொறுப்பைக் கொழுந்தன் ஏற்றுக்கொண்டான். சொன்ன நாளில் வேலூர் பஸ் ஏறினான். சாயங்காலம் வந்தவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னும் வரலையாம் அண்ணி. அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றான். திரும்பிப் போகும்போது, "சீலை எப்போ எறங்கும்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தறியில் ஒரு சேலை பாதியில் நிற்கும்போது அந்த வீட்டுக்குக் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள் எங்கள் தெருவில். மனசு ஆடினால் கை ஆடும், கை ஆடினால் பட்டில் தெரிந்துவிடும். நெய்து முடித்துச் சேலை தறியிலிருந்து இறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்பார்கள். களம்பூர் ரைஸ்மில்லில் என் அண்ணனின் கை பெல்ட்டில் மாட்டியபோது தெரு முழுக்கக் காலையிலேயே தெரியும். எனக்கு மட்டும், கடைசியில் நெய்கிற முந்தி முடிந்து சேலையை அறுத்து எடுத்த பிறகுதான் சொன்னார்கள். அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வந்து எத்தனை அன்பாகப் பேசினாள் என்பதை நான் மறக்கவே இல்லை.

ஆக, இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவனுக்குத் தெரிந்தால் என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். சோறு குறைந்ததா, தூக்கத்தில் ஏதாவது உளறுகிறாரா, யாரிடம் தனியாகப் பேசுகிறார், எல்லாம் பார்த்தேன். அவர் சட்டைப்பையைத் துழாவினேன். பஸ் டிக்கெட்டும் பாக்குத்தூளும்தான் இருந்தன. ஒருநாள் கத்திரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சாகப்போகிற மனுஷன்தான் இப்படி நல்லவனாக மாறுவான் என்று தோன்றியது. அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

சேலை முந்தியை நெருங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கினால் சொல்லிவிடுவார்கள். சந்தேகப்படுகிறவள் என்றால் ஜல்தியாகத் தெரிந்துகொள்ளத்தானே துடிக்க வேண்டும்? எனக்கு நேர்மாறாக இருந்தது. தெரியவே வேண்டாம் என்றிருந்தது. ராட்டை முன்னால் உட்காருவேன், தார் சுற்ற மாட்டேன். நூல் அறுந்துபோச்சு, தலைவலி, கரண்ட் இல்லை என்று ஏதாவது ஒன்று. கையால் சுற்றுகிற ராட்டைக்கு எதற்குக் கரண்ட் என்று அவர் கேட்கவில்லை. தார் கொஞ்சம் தாமதமானாலே வீட்டைக் கூரையோடு தூக்குகிற ஆள், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் கத்தாமலிருக்க இருக்க என் பயம் ஏறிக்கொண்டே போனது. எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

கொழுந்தன் மறுபடி வந்தான், கையில் ஆப்பிளோடு. எங்கள் வீட்டுக்கு வாழைப்பழத்துக்கு மேல் எதுவும் வாங்கி வராதவன்.

"சீலை இன்னுமா எறங்கல அண்ணி?"

"அதுக்கு இன்னா அவசரம் உனக்கு?" என்றேன். ஆப்பிளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் முற்பகல், தறிச் சத்தம் நின்றது. கொல்லைப்பக்கம் போகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"இங்க வா. நான் ஒண்ணு கேட்டா உண்மைய சொல்லுவியா?"

"கேளுங்க."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

எனக்குப் புரியவில்லை.

"மறைக்காத. ரெண்டு வாரமா நீ என்னத் திட்டல. எதுத்து ஒரு வார்த்த பேசல. ராத்திரில நான் மூச்சு வுடறனான்னு பாத்துகினு கீற. தார் சுத்தாம இழுத்துகினே போற. சீலை எறங்கிட்டா எங்கிட்ட சொல்லணுமேன்னுதான? என் தம்பி உங்கிட்டதான சொல்லிட்டுப் போறான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எனக்கு இன்னாங்க தெரியும்? நீங்கதான் எல்லாம் தெரிஞ்சிகினு, கொழம்பு நல்லாருக்கு, ரசம் நல்லாருக்குன்னு நாடகம் ஆடிகினு கீறீங்க" என்று கத்தினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வது நிஜமா என்று நோட்டம் பார்க்கிறார் என்று தெரிந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழுந்தனைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தவனை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். வேலூர் போனது நிஜம். ஆஸ்பத்திரிக்குத்தான் போகவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல எறங்கினேன். கால் வரல அண்ணி. நான் போய் வாங்கி, நான் கொணாந்து குடுத்து, அது வேற மாதிரி இருந்துச்சுன்னா? டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சேன். சீலை எறங்கிட்டா அண்ணனையே கூட்டிகினு போயிடலாம்னு இருந்தேன்."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. சேலையை அப்படியே தறியில் விட்டுவிட்டு மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் வேலூருக்குப் போனோம்.

ரிப்போர்ட் எப்போதோ வந்து அங்கேயே கிடந்திருக்கிறது. டாக்டர் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, அம்மாகிட்ட பேசணும்" என்று அவரிடம் சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை.

"வேணாங்க. இவ மட்டும் கேட்டுகினு வந்து சொன்னா நான் நம்ப மாட்டேன். நான் மட்டும் கேட்டா இவ நம்ப மாட்டா. ரெண்டு பேருக்கும் ஒண்ணா சொல்லிடுங்க."

டாக்டர் சொன்னார். கேன்சர்தான். பரவியிருக்கிறதா என்று இன்னும் பார்க்க வேண்டும், ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும் என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இத்தனை நாளும் இந்த மனுஷன் என்னிடம் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் முதலில் மனசில் ஏறியது. அதை நிம்மதி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது நிம்மதிதான்.

திரும்பி வரும்போது பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா? நான் மருந்து வாங்கப் போனப்போ உங்கிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?"

"இல்லீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும் தெரியும்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நம்பிய பிறகுதான் அவரும் அழுதார்.